அரைச் சுற்று

சாவியை அலுவலகத்தில் ஒப்படைத்துவிட்டு வந்த அன்று வால்வுக்காரருக்குச் சோறு இறங்கவில்லை. முட்டைப் பொரியலைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கிவிட்டு வெறுங்கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பத்தொன்பது வருஷமாக அந்தக் கையில் இருந்த சாமான் அது. பேருக்குத்தான் சாவி. இடுப்பு உயரத்துக்கு ஒரு இரும்புத் தண்டு, மேலே குறுக்காக ஒரு கைப்பிடி, கீழே சதுரமாக ஒரு வாய். சாலையோரத்து இரும்பு மூடியைத் தூக்கி, குழிக்குள் சாவியை இறக்கி, சுற்றுச் சுற்றாகத் திருப்பினால் ஒரு தெருவுக்குத் தண்ணீர் போகும். மறுபக்கம் திருப்பினால் நிற்கும். பதினாறு தெருவுக்குப் பதினாறு குழி. விடிந்ததிலிருந்து மத்தியானம் வரை முறை வைத்துத் திறந்து மூடுவதுதான் அவர் உத்தியோகம்.

"வேலையை விட்டாத்தான் தேர்தல்ல நிக்கலாம்னு சட்டம். விட்டாச்சு. அதுக்கு ஏன் பறிகொடுத்தவர் மாதிரி உக்காந்திருக்கீங்க?" என்றாள் மனைவி.

"கை சும்மா இருக்குடி."

"சும்மா இருக்கிற கையைத் தூக்கி நாலு பேரைக் கும்பிடுங்க. ஓட்டாவது விழும்."

ஊரில் அவளுக்குத் தையலக்கா என்று பேர். முன்னறையில் ஒரு மிஷின். பெரிய கடைகளில் வாங்குகிற துணி யாருக்கும் அளவாக இருப்பதில்லை. அந்தப் புண்ணியத்தில் அவள் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. கால்சட்டை நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது, சீருடை இடுப்பைப் பிடிப்பது என்று ஆள் வந்துகொண்டே இருக்கும். வருகிறவர்கள் எல்லாம் புது முகம். பத்து வருஷத்துக்கு முன்னால் அங்கே நானூறு வீடு இருந்தது. இப்போது எத்தனை என்று கேட்டால் தபால்காரரே தலையைச் சொறிவார். போன மாதம் காலி மனையாக இருந்த இடத்தில் இந்த மாதம் மூன்று மாடி நிற்கும், அடுத்த மாதம் மாடியில் துணி காயும். தொட்டி மட்டும் அதே தொட்டி. குழாய் அதே குழாய்.

இன்னொரு தொட்டி கட்டுங்கள் என்று வால்வுக்காரர் எழுதிக் கொடுத்த மனுக்கள் போன இடம் தெரியவில்லை. மாகாண சபையில் பத்து வருஷமாக அந்தத் தொகுதிக்கு உறுப்பினராக இருந்தவர் பெட்ரோல் பங்க் முதலாளி. அவர் வீட்டில் ஆழ்துளைக் கிணறு உண்டு. அவருக்குத் தண்ணீரைப் பற்றி யோசிக்க என்ன அவசரம்? கடைசியில் தெருக்காரர்கள் கூடிப் பேசி, "நீங்களே நில்லுங்க, நாங்க இருக்கோம்" என்று வால்வுக்காரரை உசுப்பேற்றிவிட்டார்கள். அவரும் நின்றுவிட்டார். குழாய்ச் சின்னம் கேட்டார். அது பட்டியலில் இல்லை என்று சீப்பைக் கொடுத்தார்கள். தலையில் பேருக்கு நாலு முடிகூட இல்லாத மனுஷருக்குச் சீப்பு. தையலக்கா ஒரு நாள் முழுக்கச் சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, அவருடைய இரண்டு வெள்ளைச் சட்டைக்கும் காலர் மாற்றித் தைத்தாள்.

கூட நின்று பார்த்துக்கொண்டவர் அச்சகக்காரர். சின்ன வயதுக் கூட்டாளி. மூன்று கட்சி நோட்டீசும் அவர் கடையில்தான் அச்சாகும்; வெட்டியது போக மிஞ்சுகிற தாளில் சீப்பு அச்சாகும். அதனால் சீப்பு நோட்டீஸ் ஒன்று நீளமாக இருக்கும், ஒன்று குட்டையாக இருக்கும்.

ஓட்டுக் கேட்கப் போவதுதான் பெரும்பாடாக இருந்தது. கதவைத் தட்டினால், "வாங்க வாங்க, நாளைக்கு எங்க தெருவுக்கு எத்தனை மணிக்கு?" என்று கேட்பார்கள். அவரும் பழக்கதோஷத்தில் மணி சொல்லிவிட்டு, "உங்க வீட்டு மீட்டர்கிட்ட கசியுதே, வாஷர் மாத்துங்க" என்று குனிந்து பார்த்துவிட்டு, அடுத்த வீட்டுக்கு நடந்துவிடுவார். பின்னால் வருகிற தையலக்கா, "சீப்பு, சீப்பு" என்று கிசுகிசுப்பாள். திரும்பிப் போய், "ஆங், சீப்பு" என்பார். அந்த வீட்டுக்காரர்கள் சிரித்துவிட்டு, "உங்களுக்குப் போடாம யாருக்குப் போடப் போறோம்" என்பார்கள். சொல்கிறவர்கள் உண்மையாகத்தான் சொன்னார்கள். அதைக் கேட்டுக் கேட்டுத் தையலக்காவுக்கும் ஆசை வந்துவிட்டது. இந்த மனுஷர் ஒரு தடவை ஜெயிக்க வேண்டும், ஒரே ஒரு தடவை. இவர் வாழ்நாளில் வரிசையில் முதலாவதாக நின்று அவள் பார்த்ததே இல்லை.

இதற்கு நடுவில்தான் மேட்டுத் தெரு வறண்டது.

வால்வுக்காரர் சாவியை ஒப்படைத்த மறுநாளிலிருந்தே மேட்டுத் தெருவுக்குச் சொட்டுத் தண்ணீர் ஏறவில்லை. முதல் இரண்டு நாள் வீட்டுத் தொட்டியில் இருந்ததை வைத்துச் சமாளித்தார்கள். மூன்றாம் நாள் லாரி வந்தது. லாரிக்குப் பின்னால் சண்டை வந்தது. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர் நாற்பது வயதுக்காரர். பஸ் கம்பெனியை மூடும்வரை கண்டக்டராக இருந்தவர். அவரை நடுரோட்டில் நிறுத்தி வைத்து ஆளாளுக்குத் திட்டினார்கள். "வால்வு முழுசாத் திறந்துதாங்க இருக்கு. அதுக்கு மேல சுத்தவே மாட்டேங்குது" என்று அவர் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டியது. அதிகாரிகள் வந்து அவர்களும் திருகிப் பார்த்தார்கள். திறந்துதான் இருக்கிறது, குழாயில் அடைப்பு என்று முடிவு கட்டி, நாலு இடத்தில் ரோட்டைத் தோண்டினார்கள். அடைப்பு அகப்படவில்லை. பள்ளத்தில் ஒரு ஸ்கூட்டர் விழுந்ததுதான் மிச்சம்.

ஐந்தாம் நாள் காலை, டீ குடித்துக்கொண்டிருந்த வால்வுக்காரர் டம்ளரைக் கீழே வைத்தார். இரண்டு கையையும் காற்றில் நீட்டி எதையோ திருப்புவதுபோல் வலது பக்கம் சுற்றினார். மறுபடியும் சுற்றினார். முகம் வெளுத்துவிட்டது.

"ஐயோ, அது தலைகீழ்டி."

"எது?"

"மேட்டுத் தெரு வால்வு. எல்லாம் இடது பக்கம் சுத்தினாத் திறக்கும். அது ஒண்ணு மட்டும் வலது பக்கம். மாட்டும்போதே அப்படித்தான் மாட்டினாங்க. நோட்டுல எல்லாத்துக்கும் எத்தனை சுத்துன்னு எழுதிக் குடுத்தேன். இதை எழுதலை. எனக்கு ஞாபகமே இல்லடி. கை பாட்டுக்குச் சுத்திடும், நான் யோசிச்சதே கிடையாது."

தையலக்காவுக்கு உடனே நினைவு வந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால், மழைக்காலத்தில், வால்வுக்காரர் குழியில் வழுக்கி முழங்காலை உடைத்துக்கொண்டார். விடுப்புச் சொன்னால் வேலைக்கு வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். நாற்பது நாள் அவள்தான் சாவி பிடித்தாள். மேட்டுத் தெருக் குழியில் மட்டும் அவர் கை தன்னால் வலது பக்கம் காட்டும். அவர் ஒரு ஸ்டூலில் கட்டுப் போட்ட காலை நீட்டி உட்கார்ந்து, குடையைப் பிடித்துக்கொண்டு சொல்லுவார். "மெதுவா. எண்ணிக்கிட்டே சுத்து. முழுசாத் திறந்ததும் அரைச் சுத்து பின்னாடி விடு. விடலைன்னா இறுகிப் பிடிச்சுக்கும், அடுத்த தடவை யார் வந்து திறப்பா? எதுக்கும் கொஞ்சம் மூச்சு விட இடம் வேணும்." நாற்பது நாளும் அவள் கையில் கொப்புளம் வந்து உடைந்து மறுபடி வந்தது. அந்த மழையில் இரண்டு பேரும் சிரித்துப் பேசியதுபோல் அதற்கு முன்னாலும் பேசியதில்லை, பின்னாலும் பேசியதில்லை.

"போய்ச் சொல்லிட்டு வந்துடறேன்" என்று வால்வுக்காரர் சட்டையை மாட்டினார். வாசலில் அச்சகக்காரர் மடக்கிவிட்டார். விஷயத்தைக் கேட்டவர் தலையில் கை வைத்துக்கொண்டு மிஷின் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"உனக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கா? இப்பப் போய் நீ சொன்னா என்ன ஆகும் தெரியுமா? வேணும்னே மறைச்சு வச்சான், ஓட்டுக்காகத் தெருவையே காயப்போட்டான்னு பங்க்காரன் மைக் வச்சுக் கத்துவான். உன் மேல கேசு வரும்."

"நிஜமா மறந்துதான்டா போச்சு."

"எனக்குத் தெரியும், உன் பொண்டாட்டிக்குத் தெரியும். ஊருக்கு எப்படித் தெரியும்?" அச்சகக்காரர் குரலைத் தணித்தார். "இன்னொண்ணும் சொல்றேன், கோவிச்சுக்காதே. மேட்டுத் தெருவுல ஆயிரத்து நானூறு ஓட்டு. தண்ணி வராத ஒவ்வொரு நாளும் அவங்க உன்னைத்தான் நினைக்கிறாங்க. நீ வாயைத் திறக்காம இருந்தாப் போதும். ஜெயிச்சதும் முதல் வேலையா நீயே போய்த் திறந்துவிடு. அப்புறம் தொட்டியும் கட்டு. பத்துப் பதினஞ்சு நாள் கஷ்டம் பெரிசா, ஆயுசு முழுக்கத் தண்ணி பெரிசா? நீயே சொல்லு."

வால்வுக்காரர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். அச்சகக்காரர் கெட்டவர் இல்லை; சொன்னதில் பாதி நியாயமும் இருந்தது. அதுதான் தொல்லை.

அன்றிலிருந்து வீட்டில் பேச்சு குறைந்தது. ஓட்டுக் கேட்கப் போகிற இடத்தில் அவர் யார் முகத்தையும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. கசிகிற மீட்டரைப் பார்த்தால்கூடக் குனிவதில்லை. இப்போது "சீப்பு" என்று சரியாகச் சொல்லிவிடுகிறார், யாரும் பின்னால் நின்று கிசுகிசுக்க வேண்டியதில்லை. ஆனால் காலை ஐந்தரைக்கு எழுந்து படியில் உட்கார்ந்துகொள்வார். "இந்நேரம் மேட்டுத் தெருவுக்குத் திறக்கணும்" என்பார். யாரிடம் சொல்கிறார் என்று தெரியாது.

பத்தாம் நாள் மேட்டுத் தெருவிலிருந்து ஒரு நர்ஸ் சீருடை கொண்டுவந்தாள். தோள் தையல் விட்டிருந்தது. பையைத் திறந்ததும் வியர்வை வாடை அடித்தது.

"மன்னிச்சுக்குங்கக்கா, துவைக்காமத்தான் கொண்டாந்திருக்கேன். குடம் தூக்கித் தூக்கித்தான் தையலே விட்டுச்சு. மூணு மாடி. வீட்டுல என் தங்கச்சி பிரசவிச்சுப் பன்னெண்டு நாள் ஆகுது. குழந்தையைக் குளிப்பாட்ட வாங்குற பாட்டில் தண்ணியைச் சுட வைக்கிறோம். நேத்து அவளே வலியோட எழுந்து கீழ இறங்கி லாரிக்கு நிக்கிறா. எனக்கு அழுகையே வந்துடுச்சு."

தையலக்கா ஊசியில் நூல் கோத்துக்கொண்டே இருந்தாள். நூல் கோத்து முடிந்த பிறகும் கோத்துக்கொண்டிருந்தாள்.

"உங்க வீட்டுக்காரர் இருந்திருந்தா இப்படி ஆகுமா? நீங்க கவலைப்படாதீங்கக்கா. எங்க வீட்டுல நாலு ஓட்டு, நாலும் சீப்புக்குத்தான். எங்க தெருவே சீப்புக்குத்தான்."

ஊசி விரலில் ஏறியது. முப்பது வருஷமாகத் தைக்கிறவளுக்கு ஊசி குத்துவது அதிசயம். நர்ஸ் பதறிக் கையைப் பிடித்து ஈரத் துணி தேடினாள். "நீ விடும்மா, இது எனக்கு வேணும்" என்றாள் தையலக்கா. நர்சுக்கு ஒன்றும் புரியவில்லை.

அன்று முழுக்க அவளுக்குள் ஒரு வழக்கு நடந்தது. அவர் ஜெயிக்க வேண்டும் என்று அவளைவிட ஆசைப்பட்டவர் யாரும் இல்லை. ஆனால் எப்போதும் எல்லார் முகத்தையும் பார்த்துப் பேசுகிற மனுஷர் தரையைப் பார்த்துக்கொண்டு ஜெயித்து என்ன ஆகப் போகிறது? அவரிடம் கேட்கலாம். கேட்டால் அவரே கிளம்பிப் போவார். போனால் எவன் கண்ணிலாவது படுவார். அவ்வளவுதான், கதை முடிந்தது. கேட்காமல் போனால் பழி அவளோடு போகும். அவர் ஆயுசுக்கும் மன்னிக்காமல் போனாலும் போகலாம். அதையும் நினைத்துப் பார்த்தாள்.

கதவுக்குப் பின்னால் ஒரு பழைய சாவி சாத்தியிருந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், அலுவலகத்துச் சாவி குட்டையாக இருக்கிறது, முதுகு வலிக்கிறது என்று வெல்டிங் பட்டறையில் அவரே செய்துகொண்டது. மறுநாள் ஐந்து மணிக்கு, அவர் புரண்டு படுத்த நேரம் பார்த்து, அதைப் பழைய போர்வையில் சுற்றி எடுத்துக்கொண்டு தையலக்கா நடந்தாள்.

வெளிச்சம் லேசாக வந்திருந்தது. மேட்டுத் தெரு முனையில், தோண்டிப் போட்ட மண்ணுக்குப் பக்கத்தில் இருந்தது குழி. மூடியைத் தூக்குவதற்குள் மூச்சு வாங்கியது. சாவியை இறக்கி, வாய் கவ்விக்கொண்டதும் வலது பக்கம் தள்ளினாள். அசையவில்லை. ஆளாளுக்கு இடது பக்கம் திருகித் திருகி மூடிய வால்வை இன்னும் இறுக்கி வைத்திருந்தார்கள். உடம்பு முழுவதையும் கைப்பிடியில் சாய்த்தாள். கிறீச் என்று ஒரு சத்தம். ஒன்று. இரண்டு. எண்ணிக்கொண்டே சுற்றினாள். ஏழாவது சுற்றில் காலடியில் குழாய்க்குள் ஒரு உறுமல் கேட்டது. பதினொன்றில் கைத்தோல் உரிந்தது. பதினாறில் நிமிர்ந்து பார்த்தால் எதிரே புதிதாக வேலைக்கு வந்த கண்டக்டர் நின்றுகொண்டிருந்தார், தன் சாவியைத் தோளில் வைத்துக்கொண்டு.

தையலக்கா கைப்பிடியைப் பிடித்தபடியே நின்றாள். இவர் ஒரு வார்த்தை வெளியே சொன்னால் போதும். சீப்பு மட்டுமல்ல, குடும்பமே சந்தி சிரித்துவிடும்.

கண்டக்டர் அவளைப் பார்க்கவில்லை. சாவி சுற்றிய திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "வலது பக்கமா?" என்றார்.

"இது ஒண்ணு மட்டும் தலைகீழ் தம்பி. அவர் நோட்டுல எழுத மறந்துட்டார். சத்தியமா மறந்துதான் போச்சு. அவருக்கு நான் வந்ததே தெரியாது."

கண்டக்டர் அப்படியே மண் மேட்டில் உட்கார்ந்துவிட்டார். "அக்கா, நாளைக்குள்ள தண்ணி வரலைன்னா வேலைக்கு வர வேணாம்னு சொல்லிட்டாங்க. நேத்து வீட்டுல நான் இதைச் சொல்லவே இல்ல." பிறகு எழுந்து கிட்டே வந்தார். "தள்ளுங்க, மிச்சத்தை நான் சுத்தறேன்."

"இல்ல தம்பி, விடு. இன்னும் ஆறுதான். நான் முடிச்சிடறேன்."

இருபத்திரண்டு சுற்று. முடித்து, அரைச் சுற்று பின்னால் விட்டாள். "இதையும் ஞாபகம் வச்சுக்க" என்றாள்.

"நான் இங்க யாரையும் பாக்கலைக்கா. வந்தேன், மாத்திச் சுத்திப் பாத்தேன், திறந்துச்சு. அவ்வளவுதான்" என்றார் கண்டக்டர். போர்வையை அவரே சாவியில் சுற்றிக் கொடுத்தார். மூன்றாவது மாடியில் யாரோ, "தண்ணி! தண்ணி வருது!" என்று கத்துவது கேட்டது. தையலக்கா திரும்பிப் பார்க்காமல் வேகமாக நடந்தாள். கண்ணில் தண்ணீர் முட்டியது.

வீட்டுக்கு வந்தபோது வால்வுக்காரர் படியில் உட்கார்ந்திருந்தார். அவள் கொல்லைப்புறமாகப் போய்ச் சாவியைக் கதவுக்குப் பின்னால் சாத்திவிட்டு அடுப்பைப் பற்றவைத்தாள். அவர் ஒன்றும் கேட்கவில்லை. கையில் துணி சுற்றியிருப்பதைப் பார்த்தபோது, "ஊசி" என்றாள் அவளாகவே. "சரி" என்றார்.

அச்சகக்காரர் பயந்தது வேறு மாதிரி நடந்தது. மத்தியானமே பங்க் முதலாளி திறந்த ஜீப்பில் மேட்டுத் தெருவுக்கு வந்துவிட்டார். நாலு பள்ளத்தையும் தான்தான் தோண்டச் சொன்னதாகவும், அடைப்பைக் கண்டுபிடித்து எடுத்ததாகவும் மைக்கில் பேசினார். இன்னும் என்னென்ன செய்யப் போகிறார் என்றும் சொன்னார். தண்ணீரைக் கண்ட சந்தோஷத்தில் இருந்த சனம் கை தட்டியது. தையலக்கா தன் மிஷினில் உட்கார்ந்து அந்தக் கைதட்டலைக் கேட்டாள். வெளியே ஓடிப்போய்க் கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தினால் அவர் பேரல்லவா கெடும்.

அதற்குப் பிறகு இருந்த எட்டு நாளில் ஒரு விசித்திரம். வால்வுக்காரர் பழையபடி ஆகிவிட்டார். தட்டில் இருப்பதை வழித்துச் சாப்பிட்டார். ஓட்டுக் கேட்கப் போன இடத்தில் மீட்டரைக் குனிந்து பார்த்தார், சீப்பை மறந்தார். அது போதாதென்று வீட்டுக்கு வந்ததும் பாத்திரம் தேய்க்க உட்கார்ந்தார். துணியைப் பிழிந்து கொடியில் போட்டார்.

"ஓட்டுக் கேக்குற ஆள் பாத்திரம் தேய்ச்சா யாராவது பாத்துச் சிரிக்கப் போறாங்க. எழுந்திருங்க" என்றாள்.

"வேலையில்லாதவன் வேற என்ன செய்வான்? நீ போய்த் தை" என்றார். எழுந்திருக்கவில்லை.

அவர் சிரிக்கச் சிரிக்க அவளுக்குத்தான் உள்ளே அரித்தது. ஜெயித்துவிடுவோம் என்ற நம்பிக்கையில் சிரிக்கிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

வாக்கு எண்ணிக்கை பள்ளிக்கூடத்தில் நடந்தது. காலையில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனவர் சாயங்காலம் நடந்தே திரும்பி வந்தார். சேதி அவருக்கு முன்னாலேயே வந்துவிட்டது. அறுநூற்றுப் பத்து ஓட்டில் தோல்வி. மற்ற தெருக்களில் எல்லாம் சீப்புதான் முன்னால் நின்றது. மேட்டுத் தெருப் பெட்டியைத் திறந்த பிறகுதான் பங்க் முதலாளி எழுந்தார் என்று அச்சகக்காரர் வாசலில் நின்று சொல்லிவிட்டு, மூக்கைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். உள்ளே வரவில்லை.

வால்வுக்காரர் கை கால் கழுவினார். அவள் சோறு போட்டாள். இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

"என்னங்க."

"ம்."

"நான் ஒண்ணு சொல்லணும். சொன்னா நீங்க என்னை என்ன வேணாச் சொல்லுங்க, திட்டுங்க. பேசாம மட்டும் இருந்துடாதீங்க. நான்தாங்க உங்களைத் தோக்கடிச்சேன். மேட்டுத் தெரு வால்வை..." அதற்கு மேல் வரவில்லை. முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுதாள்.

அவர் தண்ணீர் டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினார்.

"அன்னிக்குக் காலையில நானும் எழுந்தேன்" என்றார். "கேசு வந்தா வரட்டும், தோத்தாத் தோக்கட்டும்னுதான் எழுந்தேன். கதவுக்குப் பின்னால கையை விட்டேன். சாவி இல்ல. திரும்பிப் பாத்தா நீயும் இல்ல."

அவள் அழுகையை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள்.

"அப்படியே படியில உக்காந்துட்டேன். பின்னாடியே வரலாம்னு பாத்தேன். வந்தா உன்னையும் சேத்துப் பாத்திருப்பாங்க. அதான் வரலை."

"அப்பவே தெரியுமா? அப்ப ஏன் ஒரு வார்த்தை சொல்லலை? எட்டு நாளா நான் செத்துச் செத்துப் பொழைச்சேன்."

"சொன்னா நீ அழுவே. தேர்தல் முடியட்டும்னு இருந்தேன்." வால்வுக்காரர் அவளுடைய வலது கையை எடுத்து உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். கொப்புளம் உடைந்த இடத்தில் புதுத்தோல் சிவப்பாக வந்திருந்தது. "அரைச் சுத்து பின்னாடி விட்டியா?"

"விட்டேன். மறப்பேனா?"

"இருபத்திரண்டு சுத்து" என்றார் அவர், கையை விடாமல். "ரொம்ப வலிச்சிருக்குமே."

பிறகு எழுந்து, இரண்டு தட்டையும் எடுத்துக்கொண்டு, பாத்திரம் தேய்க்கக் குழாயடிக்குப் போனார்.